சீட்டு விழுந்தவர்கள்

ஒரு மருந்து நோயைத் தீர்க்குமா என்று அறிய, நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அதைக் கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காமல் விடவேண்டியிருக்கிறது. யார் எந்தப் பாதி என்பதைத் தீர்மானிப்பது வைத்தியரின் அறிவு அல்ல; நோயாளியின் விருப்பமும் அல்ல; அவனுடைய தேவையின் தீவிரமும் அல்ல. சீட்டு. இன்றைய மருத்துவத்தின் நம்பகத்தன்மையில் பெரும்பகுதி இந்தச் சீட்டின்மேல் நிற்கிறது. துன்பப்படுகிறவன் முன்னால் நின்றுகொண்டு சீட்டுக் குலுக்குவது நியாயமா என்பது தத்துவ வகுப்பறையோடு முடிந்துபோகிற கேள்வி அல்ல. சேலத்திலோ நாமக்கல்லிலோ அரசு ஆஸ்பத்திரி ஜன்னலில் கைநீட்டி மாத்திரை வாங்குகிறவன், தனக்கு முன் யாருக்கோ விழுந்த சீட்டின் பலனைத்தான் வாங்கிப் போகிறான்.

எழுதுகிறவர்களாகிய நாம் இதைப்பற்றி அதிகம் யோசித்ததில்லை. க்ஷயரோகம் நமக்கு ஒரு படிமமாக இருந்திருக்கிறது. செகாவும் காஃப்காவும் அதில் இறந்ததைச் சற்றுப் பொறாமையோடுகூடச் சொல்லியிருக்கிறோம். புதுமைப்பித்தன் அதே நோயில் இறந்ததை வறுமையின் கணக்கில் எழுதி மூடிவிட்டோம். அந்த நோய் எப்படித் தீரக்கூடிய நோயாயிற்று என்று கேட்கவில்லை. ஒழுக்கப் பிரச்னை படிமத்தில் இல்லை, இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

2

1948ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டின் நடுவில் திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் இறந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசி போட்டார்கள். 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. பிரிட்டனில் சாதாரண நோயாளிக்கு எட்டாதது. செல்வாக்குள்ள நண்பர் ஒருவரின் முயற்சியால் ஆர்வெல்லுக்கு வந்து சேர்ந்தது. அவர் உடம்பு ஏற்கவில்லை. தோல் உரிந்தது, வாய் புண்ணாயிற்று, நிறுத்திவிட்டார்கள். மீதி மருந்து வேறு நோயாளிகளுக்குப் போயிற்று. 1950 ஜனவரியில் ஆர்வெல் இறந்தார்.

1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் தன் சோதனையின் முடிவை வெளியிட்டது. மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைஸின். 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பது முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்தது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பது நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை.

இதைத் திட்டமிட்டவர் பிராட்ஃபோர்ட் ஹில். புள்ளியியல்காரர், வைத்தியர் அல்லர். வைத்தியராகவேண்டும் என்றிருந்தவரை முதல் உலகப் போர்க்காலத்தில் இதே க்ஷயம் இரண்டாண்டுக் காலம் படுக்கையில் போட்டது. மருத்துவப் படிப்புக் கனவு அதோடு போயிற்று. உறைகளைத் தயாரித்தவர் வெளியே நின்று கணக்குப் போட்டவர் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மருந்து எல்லோருக்கும் போதாது என்பது அந்தச் சோதனைக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. போதாத பொருளை எப்படிப் பங்கிடுவது? சிபாரிசுக் கடிதம் ஒரு வழி, சீட்டு இன்னொரு வழி. ஆர்வெல் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவருக்குக் கிடைத்த ஊசியிலிருந்து யாரும் எதையும் கற்கவில்லை. ஒருவர் பிழைத்தாலும் இறந்தாலும் அது ஒருவர் கதைதான். அந்த 107 பேரிடமிருந்து உலகம் கற்றுக்கொண்டது. போதாமை இருக்கிற இடத்தில் செல்வாக்கைவிடச் சீட்டு நேர்மையானது என்று இதுவரை சொல்லலாம். இதற்குமேல் சொல்லவேண்டுமானால் சீட்டு என்பது என்ன என்று பார்க்கவேண்டும்.

3

கொங்கு நாட்டிலும் சேலம் பக்கத்திலும் பூவாக்குக் கேட்பது இன்னும் நடக்கிறது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுகிறார்கள். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்று முன்பே மனதில் முடித்துக்கொள்கிறார்கள். ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வதா என்பதெல்லாம் இப்படித் தீர்மானமாகியிருக்கிறது. குழந்தை எதற்கு? அதற்குப் பட்சபாதம் இல்லை. உறை எதற்கு என்ற கேள்விக்கும் இதே பதில். வைத்தியர் தாமே தேர்ந்தெடுத்தால், பிழைக்கக்கூடியவனுக்கு மருந்தைக் கொடுத்து மருந்து பிழைக்கவைத்தது என்று நம்பிவிடுவார். கெட்ட எண்ணத்தால் அல்ல, நல்ல எண்ணத்தால்தான்.

இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு நம் முன்னோர்கள் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று புறப்படத் தேவையில்லை. வேறுபாடு முக்கியமானது. பூக்கேட்கும்போது தெரியாதவன் கேட்கிறவன்; தெரிந்தவர் சாமி. உறையைப் பிரிக்கும்போது தெரிந்தவர் யாருமே இல்லை. பதில் உறைக்குள் இல்லை, ஆறு மாதம் கழித்து எண்ணுகிற எண்ணிக்கையில் இருக்கிறது. இன்னொரு வேறுபாடு நமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் மருத்துவத்துக்கும் சாதகமானதல்ல. பூக்கேட்கிறவனுக்குத் தான் கேட்பது தெரியும். சந்தேகம் அவனுடையது. 1948இன் 52 பேருக்கு அப்படியொரு சந்தேகம் தங்களைப்பற்றி இருப்பதே தெரியாது.

சீட்டுக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படுவது, அது வைத்தியரின் கருணையை ஒதுக்கிவைக்கிறது என்பது. சந்தேகமே இல்லாத கருணை என்ன செய்தது என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1920களில் மேலைநாட்டு வைத்தியர்கள் க்ஷயத்துக்குத் தங்க உப்பை ஊசியாகப் போட்டார்கள். தங்க பஸ்பத்தின் மேலுள்ள பக்தி நமக்கு மட்டும் உரியதல்ல. 1931இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் 24 நோயாளிகளை இரண்டு பகுதியாக்கி, எந்தப் பகுதிக்குத் தங்கம் என்று நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தார்கள். தங்கத்தால் நன்மை தெரியவில்லை, விஷத்தன்மை தெரிந்தது. நாணயம் சுண்டப்படும்வரை தங்கம் பெற்றவர்கள் எல்லோரும் சோதனைக்கு உள்ளானவர்கள்தான். அவர்களை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே சீட்டு நியாயமாவதற்கு முதல் நிபந்தனை, சீட்டுப் போடுகிறவனுக்கு உண்மையாகவே தெரியாமலிருக்கவேண்டும். தெரியாததுபோல் நடிப்பவன் கையில் அதே சீட்டு ஒரு கொடுமை.

4

இந்த நிபந்தனையைச் சென்னையில் வைத்துப் பார்க்கலாம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் எல்லாம் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியர். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான். அன்று நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், ஸானடோரியப் படுக்கைகள் ஆயிரக்கணக்கில். மாத்திரைகள் வந்துவிட்டன. வீட்டிலிருந்தபடியே அவற்றைச் சாப்பிட்டால் குணமாகுமா, அல்லது காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடும் உள்ள ஸானடோரியம் வேண்டுமா? யாருக்கும் தெரியாது. உண்மையாகவே தெரியாது.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளுக்குச் சீட்டு விழுந்தது. இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஐஸோநயஸிடும் பி.ஏ.எஸ்ஸும். ஒரு சாரார் ஸானடோரியத்துக்குப் போனார்கள். மறு சாரார் நெருக்கடியான வீடுகளில், குறைந்த சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு மாத்திரை சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது. கிருமி ஒடுங்கியவர்கள் ஸானடோரியத்தில் 92 சதவிகிதம், வீட்டில் 86 சதவிகிதம். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதாகவும் தெரியவில்லை.

இதன் விளைவு சென்னையோடு நிற்கவில்லை. தாமஸ் மான் 1924இல் ஒரு பெரிய நாவலுக்கே களமாக்கிய அந்த மலைமேல் உலகம், நாற்காலிப் படுக்கைகளும் வெப்பமானிகளும் முடிவற்ற பேச்சுமாக இருந்த உலகம், மருந்துகளால் ஏற்கெனவே ஆட்டம்கண்டிருந்தது. அதன் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது சென்னைக் குடிசைகளில் எண்ணப்பட்ட எண்ணிக்கை. பணக்கார நாடுகளும் ஸானடோரியங்களை மூடிக்கொண்டன. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவைத் தேடுகிற புத்தி ஒட்டிக்கொள்கிறது. இங்கே வரவு உலகம் முழுவதற்கும். பற்று 193 பேர் பெயரில். அவர்களில் யாரும் நஷ்டப்படவில்லை என்றுகூட வாதிக்கலாம். மருந்து எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் அப்படி முடியும் என்று முன்கூட்டித் தெரியாது. தெரிந்திருந்தால் சோதனையே தேவையில்லை.

5

அடுத்த சோதனை இவ்வளவு சுலபமாக ஜீரணமாகவில்லை. பி.ஏ.எஸ். விலை அதிகம்; அளவும் அதிகம், வயிற்றைப் புரட்டும். ஐஸோநயஸிட் மலிவு. அதை மட்டும் கொடுத்தால் போதுமா என்று சென்னையில் சோதித்தார்கள். முடிவு 1960இல் வெளியாயிற்று. தனி மருந்து, கூட்டு மருந்தைவிடத் தெளிவாகக் குறைந்ததாக இருந்தது. பலரிடம் கிருமி மருந்தை மீறி வளர்ந்தது. தனி மருந்து கொடுத்தால் கிருமி மீறும் என்பது பிரிட்டனில் 1950களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம்.

அப்படியானால் இந்தச் சீட்டு எந்த இரண்டுக்கு நடுவில் போடப்பட்டது? தெரியாத இரண்டுக்கு நடுவில் அல்ல என்றுதான் தோன்றுகிறது. ஒரு பக்கம் சிறந்தது, மறுபக்கம் கட்டுப்படியாவது. லண்டனில் கேட்கமாட்டாத கேள்வியைச் சென்னையில் கேட்டார்கள், ஏனென்றால் சென்னையில் காசு இல்லை. நம் நிபந்தனையின்படி இது தவறு.

என்றாலும் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சோதனை நடக்காமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோருக்கும் கூட்டு மருந்து கிடைத்திருக்கும் என்று நம்புவதற்கு நம் அரசாங்கங்களை அறியாதவனாக இருக்கவேண்டும். மலிவான மாத்திரையை லட்சம் பேருக்குச் சீட்டுமில்லாமல், எண்ணிக்கையுமில்லாமல் கொடுத்திருப்பார்கள். நிர்வாகம் என்பதே பெரும்பாலும் உறையில்லாத சோதனை. அதன் தோல்வி எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. சென்னையில் தனி மருந்து விழுந்தவர்கள் தங்கள் நுரையீரலால் அந்தப் பெரிய தவறைத் தடுத்தார்கள் என்று சொல்லலாம். சொல்லும்போதே இன்னொன்றும் தெரிகிறது: தடுக்கவேண்டிய கடமை அவர்களுடையதாக இருக்கவில்லை.

இதில் சமாதானமான முடிவு எனக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத தொகையை வங்கியில் ஸஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். அது அங்கேயே கிடந்துவிடக்கூடாது என்பது விதி.

6

அண்மைக்கால உதாரணம் ஒன்று. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர், சேத்துப்பட்டு நிறுவனமும் உடனிருக்க, ஒரு சோதனை நடத்தினார்கள். 2800 காசநோயாளிகள், அவர்கள் வீடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மற்றவர்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொருள்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் கொடுப்பதா என்பதற்குத்தான் சீட்டு. 2023இல் முடிவு வெளியாயிற்று. கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 40 சதவிகிதம் குறைவு. நோயாளிகளிலும் சீக்கிரம் எடை கூடியவர்கள் குறைவாக இறந்தார்கள்.

பசித்தவனுக்குச் சோறு நல்லது என்று அறியச் சீட்டுக் குலுக்கவேண்டுமா? நம் பாட்டிகளுக்குத் தெரியாததா? இந்தக் கோபம் நியாயமானது. அதைத் திருப்பவேண்டிய திசை வேறு. 1959இன் முடிவை, சாப்பாடு முக்கியமில்லை என்பதாக நிர்வாகங்கள் வசதிப்படி வாசித்துக்கொண்டன. மருந்து சாப்பிடுகிறவனின் கிருமி குறைந்த உணவிலும் ஒடுங்கும் என்பதுதான் அன்று கிடைத்த பதில். அவன் பக்கத்தில் படுத்திருக்கிற மெலிந்த குழந்தைக்கு நோய் வருமா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க அறுபது ஆண்டுகள் ஆயின. பசியைப் பார்த்து நம்பாத அரசாங்கம் எண்ணைப் பார்த்து ஒருவேளை நம்பும் என்பதற்காகச் சீட்டுப் போடவேண்டியிருந்தது. அரிசி விழாத வீடுகளுக்கு நேர்ந்த அநியாயத்தை ஆராய்ச்சியாளர்கள் பெயரில் மட்டும் எழுத எனக்கு மனமில்லை. அரிசிக்கே அத்தாட்சி கேட்கிற சமூகத்தின் பெயரிலும் எழுதவேண்டும்.

7

இன்று விதிகள் இருக்கின்றன. 1964இல் ஹெல்ஸிங்கி பிரகடனம். 2009இலிருந்து இந்தியாவில் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் முன்கூட்டிப் பதிவுசெய்யப்படவேண்டும். பாதிப்புக்கு நஷ்டஈடு 2013இல் விதியாயிற்று. 2019இல் விதிகள் புதிதாகத் தொகுக்கப்பட்டன. சம்மதம் எழுத்தில் வேண்டும். எழுதத் தெரியாதவரானால் சாட்சி முன்னிலையில் கைநாட்டு.

கைநாட்டைப்பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ரேகை ஆளைக் காட்டும்; புரிந்துகொண்டதைக் காட்டாது. கடன் பத்திரத்தில் அழுத்தப்படும் கட்டைவிரல் வட்டி விகிதத்தைப் படித்துவிட்டு அழுந்துவதில்லை. சோதனைத் தாளிலும் அப்படி நடக்கும். அதனால் தாள் வேண்டாம் என்பதல்ல. 1948இன் 52 பேருக்கு அந்தத் தாளும் இல்லை. ஆனால் தாள் கையெழுத்தானவுடன் கடன் தீர்ந்ததென்று நினைப்பதுதான் ஆபத்து. அது கடன் தொடங்குகிற இடம். ‘எங்களுக்குத் தெரியாது, உங்கள்மேல் பார்க்கப்போகிறோம்’ என்று அவர் மொழியில் சொல்லியிருக்கவேண்டும். கிடைத்த பதில் அவருக்கும் அவர் தெருவுக்கும் திரும்பி வந்திருக்கவேண்டும். மலிவானது தோற்றது என்று தெரிந்த பிறகு, தோற்றவரைத் தேடிப்போய்ச் சிறந்ததைக் கொடுத்திருக்கவேண்டும். இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் சீட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். எதுவும் இல்லாத இடத்தில், எத்தனை உயிரைக் காப்பாற்றியிருந்தாலும், அது கடனாகவே நிற்கிறது.

புதுமைப்பித்தன் கடைசி மாதங்களில் என்ன பட்டார் என்பது நமக்கு ஓரளவு தெரியும், நண்பர்கள் எழுதிவைத்தார்கள். சென்னையில் ஐஸோநயஸிட் மட்டும் விழுந்தவர்களைப்பற்றி இருப்பது எக்ஸ்ரே வாசிப்பும் சளிப் பரிசோதனையும்தான். வைத்தியர்கள் அவர்களை எண்ணினார்கள். தமிழில் நாம் அதுகூடச் செய்யவில்லை.