கேட்டால் சொல்லும்

அலங்காநல்லூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் காளை வாங்கப் போனால் மாட்டைப் பார்க்கிற விதமே தனி. முதலில் எட்ட நின்று நடையைப் பார்ப்பார்கள். பிறகு கிட்டப் போய் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். அதன் பின் சுழி. நெற்றியில் எத்தனை, திமிலருகே என்ன, முதுகில் மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். ஏறுபூரான் என்றால் வீட்டுக்கு ஆகும். அதுவே திசை மாறி இறங்குபூரானாக இருந்தால் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். சுழி சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த விரல்களிடம் மரியாதை உண்டு. பொத்தாம்பொதுவாக 'நல்ல மாடு' என்று சொல்லிவிட அவை சம்மதிப்பதில்லை.

அந்த விரல்கள் செய்கிற வேலையை யந்திரத்துக்காகச் செய்து கொடுக்கும் கருவி ஒன்றைச் சில நாட்களுக்கு முன் பார்த்தேன். என் தங்கை மகன் யந்திர பாகங்களுக்கு வடிவம் வரைகிற உத்தியோகத்தில் இருக்கிறான். காகிதமும் பென்சிலும் கிடையாது; எல்லாம் கணினியில்தான். 1963-இல் ஐவன் சதர்லாந்து என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் திரையில் ஒளிப்பேனாவால் கோடு இழுத்துக் காட்டினாரே, அந்த வித்தையின் பேரப்பிள்ளை இது. 'கேட்' என்கிறார்கள். இப்போது அதிலும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். செயற்கை அறிவு ஏஜெண்ட் ஒன்றிடம் இன்ன பாகம் வேண்டும் என்று சொன்னால், அதுவே யோசித்து, நிரல் எழுதி, வடிவத்தை உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது. தொல்லை அதற்குப் பிறகு வருகிறது. தான் செய்ததைத் தானே சரிபார்க்க அதற்குக் கண் போதாது.

"படத்தைக் காட்டிக் கேட்டால் கதை அளக்கும் மாமா" என்றான் மருமகன். "நாலு துளை இருக்கிற இடத்தில் ஆறு என்று சொல்லும். எட்டு மில்லிமீட்டரா, எட்டரையா என்று படத்தைப் பார்த்து யார்தான் சொல்ல முடியும்? ஆனால் 'பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று கூசாமல் சொல்லிவிடும்."

அதற்காக ஏற்பட்டதுதான் இந்தக் கருவி. கோப்புக்குள்ளே பாகம் படமாக இருப்பதில்லை. சமதளம், உருளை, கூம்பு, கோளம், வளையம் என்ற பரப்புகளாகவும், அவை சந்திக்கிற விளிம்புகளாகவும் கணக்கில் இருக்கிறது. ஏஜெண்ட் கேட்டவுடன் கருவி அந்தக் கணக்கைத் தடவிப் பார்த்துச் சொல்கிறது: துளை நான்கு, விட்டம் எட்டு, நான்கும் மறுபக்கம் வரை போகின்றன, நடுவுக்கு நடு இத்தனை தூரம். இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. துளையும் உருளைதான், தண்டும் உருளைதான். உலோகம் உருளைக்கு உள்ளே இருந்தால் தண்டு. வெளியே இருந்தால் துளை. பரப்பு எந்தத் திசையில் முகம் காட்டுகிறது என்பதை வைத்தே கருவி இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஏறுபூரான், இறங்குபூரான் கதைதான்!

தமிழில் அளவை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படியும் மரக்காலும் அளவை. ஒன்றை நாம் அறிந்துகொள்கிற வழியும் அளவை. வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் திறம் கேட்கப் போகும் மணிமேகலை முதலில் சந்திப்பதே ஓர் அளவைவாதியைத்தான். காண்பது, கருதுவது, நம்பத்தக்கவர் உரைப்பதைக் கொள்வது என்று அறிவின் வாயில்களை நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். இந்த யந்திரத்துக்குக் காண்பது சரியாக வாய்க்கவில்லை. அதனால் கருவியின் உரையை வாங்கிக்கொள்கிறது. இதில் இழுக்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காணாததைக் கண்டேன் என்பதைவிடக் கேட்டு அறிந்தேன் என்பது ஒழுக்கத்தில் ஒரு படி உயர்ந்ததல்லவா? நம் ஆபீஸ்களில் எத்தனை கோப்புகளில் 'நேரில் பார்வையிட்டேன்' என்று நாற்காலியை விட்டு எழாமலே கையெழுத்து விழுகிறது!

ஆனால் அன்று எனக்குக் காட்டப்பட்ட பாகம் வேறொரு சங்கடத்தைக் கிளப்பிவிட்டது. அது கரும்புச் சாறு பிழிகிற யந்திரத்துக்கு ஒரு தண்டு. ஏஜெண்ட் மூன்று முறை சோதித்துவிட்டு, எல்லா அம்சங்களும் சரி என்று அறிக்கை கொடுத்திருந்தது. தண்டு பருமனிலிருந்து மெலிந்து படி இறங்குகிற கழுத்தில் மூலையைக் கூராக விடக் கூடாது, சற்று வளைத்துவிட வேண்டும் என்பது லேத்துப் பட்டறைப் பையனுக்குக் கூடத் தெரிந்த சங்கதி. 'ரேடியஸ் விடுவது' என்பார்கள். கூர்மூலையில் அழுத்தம் குவியும், சுழலச் சுழலக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், ஒருநாள் முறியும். 1954-இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. விமானத்தின் உடலில் வெட்டியிருந்த திறப்புகளின் மூலையில் குவிந்த அழுத்தமும், அதனால் உலோகம் சோர்ந்து கண்ட விரிசலுமே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

"கழுத்தில் ரேடியஸ் இருக்கிறதா என்று கேள்" என்றேன். கேட்டான். இல்லை என்று உடனே பதில் வந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. இருந்ததையெல்லாம் ஒழுங்காக எண்ணிச் சொல்லிற்று. இல்லாத ஒன்றைப் பட்டியலில் எப்படிச் சேர்க்கும்? ஏஜெண்டும் பொய் சொல்லவில்லை. தான் கேட்டதற்கெல்லாம் சரியான விடை வந்தது என்றுதான் அதன் அறிக்கைக்கு அர்த்தம். இருவரும் உண்மை பேசியும், முறியப்போகிற தண்டு ஒன்று பட்டறைக்குப் போக இருந்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

"இனிமேல் இதையும் கேட்கச் சொல்லி எழுதி வைத்துவிடுவேன் மாமா" என்றான். நல்லதுதான். அந்தக் கேள்வி இனித் தப்பாது. அடுத்த பாகத்தில் இல்லாமல் போகிற வேறொன்றுக்கு யார் கேள்வி எழுதி வைப்பது?

காளையின் விஷயத்தையே நினைத்துப் பார்க்கிறேன். வாங்குகிறவன் சுழியைக் கேட்கிறான். அவனுக்கு வீட்டு யோகத்தைப் பற்றிய கவலை. ஜல்லிக்கட்டுக்குமுன் பரிசோதிக்கிற கால்நடை மருத்துவர் காயமும் நோயும் உண்டா என்று கேட்கிறார். அவருக்கு மாட்டின் கவலை. மாடு பிடிக்கப் போகிற பையனைப் பெற்றவள் கொம்பைத்தான் பார்ப்பாள். ஒரே மாட்டிடம் மூன்று கேள்விகள். எந்த சாஸ்திரத்திலும் படித்து அவள் அதைக் கேட்கவில்லை.

அலங்காநல்லூர் கரும்புச் சீமை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே அங்கே அமைந்தது. அந்தச் சாலையோரத்தில் சாறு பிழிகிற பெண்மணி கரும்பை இரண்டாக மடித்து உருளைகளுக்கு நடுவே ஊட்டும்போது அவள் கைக்கும் தண்டின் கழுத்துக்கும் ஒரு சாண் தூரம் இருக்கும். இந்தத் தண்டு எதற்கு என்று கோப்பில் எழுதியிருக்கிறதா என்று மருமகனைக் கேட்டேன். தேடிப் பார்த்தான். பாகத்தின் எண் இருந்தது. உலோகத்தின் பெயர் இருந்தது. அளவுகள் எல்லாம் இருந்தன. கரும்பு என்ற சொல் எங்கும் இல்லை.