உதிர்ந்த இலை யாருடையது?

சமண மரபில் லேசியை எனப்படும் மனநிலைகளை விளக்க ஒரு கதை சொல்வதுண்டு. பசியோடு காட்டில் சென்ற ஆறு பேர், பழுத்துக் குலுங்கும் நாவல் மரம் ஒன்றைக் கண்டனர். ஒருவன் மரத்தையே வேரோடு சாய்க்க நினைத்தான். அடுத்தவன் பெருங்கிளைகளையும், மூன்றாமவன் சிறு கிளைகளையும், நான்காமவன் கொத்துகளையும் வெட்ட எண்ணினான். ஐந்தாமவன் கனிகளை மட்டும் பறிக்கலாம் என்றான். ஆறாமவனோ, தரையில் உதிர்ந்து கிடப்பவையே போதும் என்றான். அவனுடைய மனமே வெண்மையானது என்கிறது அம்மரபு.

உதிர்ந்ததை எடுப்பவன் எவரையும் வருத்துவதில்லை என்பதே இக்கதையின் அடிப்படை. மரம் தானாகத் துறந்ததை ஏற்பதில் இம்சை இல்லை. எவர் கையிலிருந்தும் பறிக்காததால் களவும் இல்லை. பழத்தைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ளலாம். இலையின் விஷயம் அவ்வளவு எளிதன்று.

குமாவுன் மலைகளில் 'பாஞ்ச்' எனப்படும் ஓக் மரக் காடுகள் உள்ளன. புதுத் தளிர் வரும் இளவேனிலில் இம்மரம் பழைய இலைகளை உதிர்க்கும். கிராமத்துப் பெண்கள் அச்சருகைக் கூட்டிக் கூடைகளில் அள்ளி வருவார்கள். அது முதலில் மாட்டுத் தொழுவத்தில் படுக்கையாகப் பரப்பப்படும். சாணமும் கோமியமும் ஊறிய பிறகு குவியலாக்கப்பட்டு, மட்கிய பின் படிக்கட்டு வயல்களைச் சென்றடையும். மண் ஆழமில்லாத அச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகும் கோதுமையும் விளைந்து வருவதற்கு இந்த உரமே பெருந்துணை. அதாவது, காட்டின் வளத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் வயலுக்கு இடம் மாறுகிறது.

மரம் வேண்டாமென்று விட்டதைத்தானே எடுக்கிறார்கள் என்று கேட்கலாம். இதில் உண்மை உண்டு. இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் கணிசமான பகுதியை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்த அளவில் அதன் துறவு நன்கு கணக்குப் பார்த்த துறவு! ஆனால் மரம் துறந்ததைக் காடு துறக்கவில்லை. சருகைப் பூஞ்சைகளும் மண்புழுக்களும் உண்கின்றன. மழைநீர் ஓடிவிடாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. ஓக் விதை காய்ந்து போகாமல் முளைக்க அதன் ஈரப் போர்வை வேண்டும். இலையில் எஞ்சிய சுண்ணாம்புச் சத்து முதலியவை மண்ணுக்குத் திரும்பினால்தான் அடுத்த ஆண்டின் இலைக்கு ஆதாரம் கிடைக்கும். மத்திய ஐரோப்பாவில் தொழுவங்களுக்காக நூற்றாண்டுக் கணக்கில் காட்டுச் சருகை வாரியதால் மண் மெலிந்து, மரங்கள் வளர்ச்சி குன்றின. பவேரியாவைச் சேர்ந்த எபர்மயர் காட்டுச் சருகைப் பற்றியே 1876-இல் ஒரு பெருநூல் வெளியிடும் அளவுக்கு அது கவலைக்குரிய விஷயமாக இருந்தது.

ஆகவே, கீழே விழுந்ததாலேயே ஒரு பொருள் உரிமையற்றதாகிவிடுவதில்லை. அதற்காகக் காத்திருப்போர் நம் கண்ணுக்குத் தெரியாதவர்களாக இருக்கலாம். பதஞ்சலி முனிவர் யமங்களைக் கூறுகையில் அஸ்தேயத்தையும் அபரிக்கிரகத்தையும் தனித்தனியே வைத்தது இங்கு எண்ணத் தக்கது. களவாமை, 'இது யாருடையது?' என்று வினவுகிறது. பூஞ்சை வழக்குரைக்க வராது. எனவே அக்கேள்விக்குக் காட்டில் தெளிவான விடை கிடைப்பதில்லை. மிகைபொருள் ஏற்காமையோ, 'உனக்கு எவ்வளவு வேண்டும்?' என்று வினவுகிறது. இதற்கு விடை உண்டு. கூடையால் அளக்கவும் முடியும்.

1931-ஆம் ஆண்டு விதிகளின் கீழ்க் குமாவுனில் தோன்றிய வன பஞ்சாயத்துகள் பல, இந்த இரண்டாவது கேள்வியை ஒட்டியே நடந்திருக்கின்றன. சருகு எடுக்கக் காட்டைச் சில நாட்களுக்கு மட்டும் திறப்பதும், ஒரு பகுதியை மூடி வைப்பதும் அவற்றின் வழக்கம். அவை எப்போதும் நேர்மையாக நடந்தன என்று சொல்வதற்கில்லை. மூடிய காட்டின் சுமை, தொலைவு நடக்கும் ஏழைப் பெண்ணின் தலையில்தான் முதலில் ஏறும். எனினும் அவள் கூடையையும், நகரத்துத் தொட்டிச் செடிகளுக்கு விற்பதற்காகக் காட்டின் மட்கை மண்ணோடு சுரண்டிச் செல்லும் சாக்கையும் ஒரே தராசில் வைக்கலாகாது. அவள் வயலுக்கு மாற்று வழி அரிது. தொட்டிக்கு மாற்று வழி தெருவிலேயே கிடக்கிறது.

டெல்லியில் மாசிக்குப் பின் வேம்பும் அரசும் சாலையெங்கும் சருகைக் கொட்டுகின்றன. தாரின் மேல் விழுந்த இலைக்காகக் காத்திருக்கும் புழுவும் இல்லை, விதையும் இல்லை. கூட்டிக் குவித்துத் தீ வைப்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இலை முதலிய குப்பைகளை அங்கு திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்து, மீறுவோருக்கு ரூ.5,000 விதித்தது. காட்டில் எடுப்பதற்குத் தயங்க வேண்டிய அதே பொருளை இங்கே எடுக்காமல் விடுவதுதான் பிழை.

எடுப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. நிழலில் ஒரு குழியோ கம்பிவலைக் கூண்டோ போதும். சருகை நனைத்து அழுத்தி நிரப்பி, காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாணம் சேர்ந்த எரு சூடேறி விரைவில் மட்கும். வெறும் இலையைப் பெரும்பாலும் பூஞ்சைகளே குளிர்ச்சியாக, மெதுவாகச் சிதைக்கின்றன. ஓராண்டு, மாவிலை போன்ற தடித்த இலையானால் இரண்டாண்டுகூட ஆகும். பயிருக்கு இது பெரிய ஊட்டமன்று. நீரைப் பிடித்து வைப்பதே இதன் சிறப்பு. இதைச் செடியைச் சுற்றி ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்காக இடலாம். தண்டு அழுகாதிருக்க, அதை ஒட்டிச் சிறிது இடம் விட வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் அப்படலம் மெலிந்து மண்ணோடு கலந்துவிடும். அதற்குள் அடுத்த குழி ஆயத்தமாக இருந்தால், காட்டிலிருந்து வரும் சாக்கை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.