கை வேலையும் மனச் சமாதானமும்



மரத்தை இழைப்பதினால் மனதுக்குச் சமாதானம் கிடைக்குமா? கிடைத்தால் அது மெய்யான சமாதானமா, அல்லது வீட்டுக் கவலையிலிருந்து கொஞ்ச நேரம் ஓடி ஒளிவதா? நம்முடைய வாலிபத் தம்பிகளில் சிலர் என்னிடம் நேராகவே கேட்கிறார்கள்: "அண்ணே, ஜெபத்துல கிடைக்கவேண்டிய சமாதானத்தைப் போய் மரக்கட்டையில தேடலாமா?" தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது.

நான் தச்சுத் தொழிலாளி அல்ல. பகலெல்லாம் போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவன். சாயங்காலம் ராசிங்காபுரத்துக்கு வந்தபின் வாசலில் உட்கார்ந்து உளியும் இழைப்புளியும் எடுப்பேன். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாத அம்மாவுக்கு ஒரு முக்காலி, பிள்ளைகளின் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி, இப்படிச் சின்னச் சின்ன சாமான்கள்தான். "கடையில பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினா முடிஞ்சுபோச்சு, இதுக்குப் போயி இம்புட்டுப் பாடா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். காசுக் கணக்குப் பார்த்தால் பிளாஸ்டிக்தான் ஜெயிக்கும்.

ஆனாலும் மரம் ஒரு காரியத்தைக் கற்றுக்கொடுக்கிறது. அதை அவசரப்படுத்த முடியாது. மலையிலிருந்து இறக்கிய பச்சை மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. காயுமுன் சட்டம் அடித்துவிட்டால் பின்னால் பலகை வெடிக்கும். நார் ஓடும் திசைக்கு எதிராக இழைப்புளியைத் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். நாம்தான் அதன் போக்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும். நாளெல்லாம் மற்றவர்களை நம் இஷ்டத்துக்கு வளைக்கப் பார்த்துக் களைத்த மனது, இங்கே கொஞ்சம் அடங்குகிறது. ஓடி ஒளிவதாக இருந்தால் இப்படி அடங்காது, மறந்துதான் போகும்.

இந்தக் காரியத்தை ஆழமாகச் சிந்தித்த ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். 1892ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராக நல்ல வருமானத்தோடு இருந்தவர். 1929ல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அதை விட்டு, 1934ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை முன்நின்று நடத்தினார். கடைசிக் காலத்தில் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தார், 1960ல் காலமானார். வேலை என்பது கூலிக்காக மட்டும் அல்ல, சரீரத்துக்கு ஆகாரம் எப்படியோ அப்படியே மனிதனுடைய உயர்ந்த குணங்களுக்கு வேலை என்பது அவர் கருத்து. அப்படியானால் கை வேலையைத் தாழ்வாக எண்ணுகிறவன் தன் மனதைப் பட்டினி போடுகிறான்.

வேதம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாக அங்கே சொல்லப்படுகிற பெசலெயேல் பிரசங்கியும் அல்ல, ராஜாவும் அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்கிற கைவினைஞன்! ஆவியின் நிறைவு நாவுக்கு மட்டும் அல்ல, கைக்கும் உண்டு. நம் ஆண்டவரையும் ஊரார் தச்சன் என்றுதானே அழைத்தார்கள்?

ஆனால் அதே அதிகாரத்தில் அடுத்தாற்போல் வருவது என்ன? ஓய்வுநாள் கட்டளை! ஆசரிப்புக் கூடாரத்து வேலையைச் சொன்ன கையோடு, வேலையை நிறுத்தவும் கர்த்தர் சொல்லுகிறார். எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. உளியைக் கீழே வைக்க முடிகிறதா? பிள்ளை "அப்பா, கணக்குச் சொல்லிக் குடுங்க" என்று வந்து நிற்கும்போது எரிச்சல் வந்தால், அந்த முக்காலி குடும்பத்துக்காக அல்ல, நமக்காகத்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு. தன் கையால் செய்த பொருளுக்கு மனிதன் அதிக மதிப்புப் போடுகிறான் என்று 2012ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. சுமாராகச் செய்ததும் செய்தவன் கண்ணுக்கு அருமையாகத் தெரியுமாம். ஆகவே வீட்டார் மெச்சாதபோதும், "உயரம் பத்தலையே" என்று அம்மா சொல்லும்போதும், முகம் கோணாமல் மறுபடி ரம்பத்தை எடுக்க முடிகிறதா? மெச்சினால்தான் இருக்கும், குறை சொன்னால் ஓடிப்போகும் என்றால், அது சமாதானம் அல்ல, பெருமை.

ஆகையால் பிரியமானவர்களே, கை வேலை ஜெபத்துக்குப் போட்டியும் அல்ல, மாற்றும் அல்ல. ஜெபத்தில் பெற்றுக்கொண்ட சமாதானம் மெய்யா என்று வீட்டுக்குள் காட்டிக்கொடுக்கிற உரைகல் அது. மரமோ, தையலோ, கூடை பின்னுவதோ, உங்கள் கைக்குத் தெரிந்ததை உங்கள் வீட்டாருக்காகச் செய்யுங்கள். கூப்பிட்டால் எழுந்து போங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.