பால்மரத்தின் சொந்த ஊருக்கு ஒரு பயணம்

தீபாவளிக்கு மறுநாள் உம்பாயில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய பேத்தியும் வந்திருந்தாள். முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு கைப்பேசியில் எனக்கு ஒரு பயணத் திட்டத்தைக் காட்டினாள். பிரேசில் நாடு, பதினான்கு நாள், மொத்தமே பன்னிரண்டு பேர். பந்தனாலில் ஜாகுவார், அமேசான் காட்டுக்குள் குளிர்சாதன அறை, படகில் சமையல்காரர். விலை முப்பதாயிரம் வெள்ளியைத் தாண்டியிருந்தது.

சித்தப்பாவுக்கு வயது 81. மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினாலு வயசிலேயே நிரை பிடித்து பால் வெட்டியவர். கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஏம்மா, காட்டை அழிக்கிறதுக்கு எங்களுக்குக் கூலி குடுத்தான். காட்டைப் பார்க்கிறதுக்கு நீ அவனுக்குக் கூலி குடுக்கிறியா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. இளைஞர்களே, இன்று நம்மில் பலருக்கு இப்படிப் போக வசதி இருக்கிறது. போவது சரியா என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டா? அதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கதை. கதையல்ல, நம் வரலாறு. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தாப்பாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் கொஞ்சம்தான் முளைத்தது. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அங்கே தாவரத் தோட்டத்தைக் கவனித்த ரிட்லி, மரம் சாகாமல் தினமும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர். அவர் பேச்சைக் கேட்டு 1896-இல் டான் சாய் யான் என்பவர் வியாபாரத்துக்காக முதல் ரப்பர் தோட்டம் போட்ட இடம் வேறெங்கும் இல்லை, நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்.

அதற்குப் பிறகுதான் கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்தார்கள். மரவள்ளிக்காக ஏற்கெனவே பாதி அழிந்திருந்த மலாக்கா காடு ரப்பருக்காக மீதியும் போனது. வெட்டியது நம் கை, லாபம் நம்முடையது அல்ல. வீடுகூடத் தோட்டத்துடையதுதான். பின்னாளில் தோட்டம் கைமாறியபோதும், ரப்பர் போய் செம்பனை வந்தபோதும், லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது கையில் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி.

ஆக, அந்தப் பிள்ளை போக ஆசைப்படும் இடம் நமக்கு அந்நிய ஊர் இல்லை. நம் பாட்டன் பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டு முடிந்து, தலையில் விளக்கோடு தேடிப்போன மரத்தின் பிறந்த வீடு அது. பார்க்கப் போவதில் என்ன தப்பு?

"ஆடம்பரம்தான் தப்பு" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் பன்னிரண்டு பேர் போகிற இடத்தில் ஆயிரம் பேர் போனால் காடு என்னவாகும்? நம் சிப்பாடான் தீவை நினைத்துப் பாருங்கள். பவளப்பாறை கெடுகிறது என்று 2004-இல் தீவில் இருந்த விடுதிகளை எல்லாம் எடுத்தார்கள். அப்புறம் ஒரு நாளைக்கு 120 பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள். பிரேசிலிலேயே பெர்னான்டோ டி நொரோன்யா தீவில் நாள் கணக்கில் வரி, தங்கும் நாள் கூடக் கூட வரியும் ஏறும். கூட்டம் குறைய வேண்டுமானால் எங்கேயும் விலை ஏறத்தான் செய்யும். அதனால் அந்த முப்பதாயிரத்தில் இரண்டு விலை கலந்து கிடக்கிறது. ஒன்று காட்டுக்காகக் கொடுப்பது. இன்னொன்று மெத்தைக்கும் ஒயினுக்கும் கொடுப்பது. எது எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.

காட்டுக்கான விலை நியாயம் என்றே வைத்துக்கொண்டாலும், பணக்காரன்தான் காட்டைப் பார்க்கலாம் என்று ஆகிவிடுகிறதே? அதற்கும் வழி இல்லாமல் இல்லை. எக்வடோர் நாட்டின் கலபகோஸ் தீவுகளில் 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டவர் பெரும்பாலோருக்கு நுழைவுக் கட்டணம் 200 டாலர், சொந்த நாட்டு மக்களுக்கு 30 டாலர். மனசிருந்தால் செய்யலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆயிரம் பேருக்குக் கல்யாண மண்டபம் எடுத்து, மிஞ்சிய சோற்றைக் குப்பையில் கொட்டுவதை நம் சமூகத்தில் யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. ஒரு பெண் பிள்ளை தான் சம்பாதித்த காசில் தனியாக உலகம் பார்க்கப் போனால் மட்டும் நமக்கு எளிமை ஞாபகம் வந்துவிடுகிறது.

"உள்ளூரைப் பார்த்துட்டு அப்புறம் வெளியூர் போ" என்று நானும் அவளிடம் சொன்னேன். நம் மலாக்கா கடற்கரையில் அலுங்காமை முட்டையிட வருகிறது, தீபகற்பத்திலேயே அதற்கு முக்கியமான இடம் இதுதான். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் ஏறுகிறோமே பத்துமலை, அந்தக் குன்றின் இருட்டுக் குகையில் மிக அரிதான ஒரு சிலந்தி வாழ்கிறது. "பெரியப்பா, நீங்க அந்த ஆமையைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். அடுத்தவரை உட்கார வைப்பதற்காகவே சொல்லப்படும் நியாயம் அது.

அப்படியென்றால் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில்? கூலி யாருக்குப் போகிறது என்பதில்தான் அது இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் சிக்கோ மெண்டிஸ் என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளி இருந்தார். 1944-இல் பிறந்தவர், சித்தப்பாவும் அதே வருஷம்தான். அங்கே தோட்டம் கிடையாது. காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ரப்பர் மரங்களைத் தேடிப்போய்ப் பால் எடுத்தார்கள். காடு நின்றால்தான் பிழைப்பு. மாட்டுப் பண்ணைக்காரர்கள் காட்டை அழிக்க வந்தபோது, அவரும் மற்றத் தொழிலாளிகளும் பெண்டு பிள்ளைகளோடு போய் ரம்பத்துக்கு முன்னால் நின்றார்கள். 1988 டிசம்பர் 22-இல் அவரை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். 1990-இல் சுமார் ஒன்பது லட்சத்து எழுபதாயிரம் ஹெக்டர் காடு அவர் பெயரில் காப்பகமானது. அங்கே மக்கள் வெளியேற்றப்படவில்லை. காட்டோடு இருந்து பால் எடுத்து, கொட்டை பொறுக்கிப் பிழைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது.

அதே மரம், அதே பால், அதே தொழில். ஒருத்தன் பிழைக்கக் காடு நிற்க வேண்டியிருந்தது, இன்னொருத்தன் பிழைக்கக் காடு விழ வேண்டியிருந்தது. சித்தப்பா கெட்டவர் அல்ல, மெண்டிஸ் மட்டும் நல்லவரும் அல்ல. நிலம் யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம். ஆகவே அமேசானில் படுக்கப் போகிறவர், அந்தப் படுக்கை யாருடையது என்று கேட்டே ஆக வேண்டும். மாமிராவா காப்பகத்தில் ஆற்றில் மிதக்கும் ஒரு விடுதியை நடத்துவதில் அந்த ஊர் மக்களுக்கும் பங்கு இருக்கிறது. அங்கே தங்குவதும் எங்கோ இருக்கும் முதலாளியின் விடுதியில் தங்குவதும் ஒன்றல்ல, மெத்தை ஒரே மெத்தையாக இருந்தாலும். விமானப் புகை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. பிசினஸ் கிளாஸ் வேண்டாம் என்றேன், அவளும் சரி என்றாள்.

போன மாதம் அவளே போன் செய்தாள். விடுதி யாருக்குச் சொந்தம், வேலை செய்வோர் எந்த ஊர்க்காரர்கள் என்று பயண நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாளாம். பதிலாகத் தலையணை வகைகளின் பட்டியல் வந்ததாம். மறுபடியும் எழுதியிருக்கிறாள்.

தாத்தாவிடமும் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருக்கிறாள். "ஒண்ணும் வேணாம். அங்கேருந்து இலை கிலை எதுவும் கொண்டாந்துடாதே, அந்த ஊரு இலைக்கருகல் நோய் இங்க வந்தா ரப்பரே இருக்காதுன்னு அந்தக் காலத்துல தொரை சொல்லுவாரு" என்றாராம். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எங்க தோட்டத்துல இருபத்தஞ்சு முப்பது வருஷத்துல மரத்தைச் சாய்ச்சிடுவான். சாய்க்காம விட்டா அது எவ்வளவு உசரம் போகும்னு மட்டும் பார்த்துட்டு வாம்மா" என்றாராம்.