இடிக்கும் வழி காட்டு!

தம்பி! தங்கையே! பிற்பகலில் சிகாமட் வானம் கறுத்து, செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் இடி உறுமினால் என்ன செய்கிறாய்? "விழுந்தால் தலைவிதி" என்று ஒடுங்குகிறாய். அந்தச் சொல்லை இன்றோடு விட்டுத்தொலை!

உலகில் இடி மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஒரு சராசரி மின்னலின் மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர். அதை மண்ணில் இறக்க வழி கண்டவன் யார்? போஸ்டனில் மெழுகுவர்த்தி விற்றவரின் மகன். பத்து வயதில் பள்ளியை விட்டு, பன்னிரண்டு வயதில் அச்சுக்கூடம் புகுந்த பெஞ்சமின் பிராங்கிளின்! மின்னலும் மின்சாரமே என்று அவன் சொன்னது 1752இல் மெய்யானது. மறு ஆண்டே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மண்ணோடு இணைக்காத கம்பியை வைத்து மின்னலை அளக்கப்போன அறிஞர் ரிச்மன் உயிரிழந்தார். படிப்பில் குறைவில்லை; கம்பிக்கு மண்தொடர்பு இல்லை!

உன் வீட்டைப் பார். பச்சை-மஞ்சள் எர்த் வயர் சுவரோரம் இறங்கி, மண்ணில் அடித்த செப்புக் கம்பியைச் சேர்கிறதா? கவ்வி துருப்பிடித்திருக்கிறதா? மின்பெட்டியில், மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் கருவியின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்து. 'டக்' என்று சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லையா? உரிமம் பெற்ற வயர்மேனை உடனே அழை. குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்றும் கேள். கசியும் மின்சாரத்துக்கு வீட்டு எர்த், கூரைக்கு இடிதாங்கி, வயர் வழியே பாயும் மின்வீச்சுக்கு சர்ஜ் அரெஸ்டர். மூன்றும் கடைசியில் தஞ்சம் புகுவது மண்ணில்தான்!

இடிதாங்கி இடியைத் தடுப்பதில்லை. ஏற்று, மண்ணுக்குள் இறக்குகிறது. உன் மேலும் இடிகள் விழும். தேர்வில் தோல்வி, "தோட்டத்துப் பிள்ளைதானே" என்ற ஏளனம்! நெஞ்சில் தேக்கினால் அது உன்னையே எரிக்கும். உழைப்பில் இறக்கு!

அடுத்தவர் வீட்டுக்கு எர்த் அடிக்கும் கை உன் கையாக ஏன் இருக்கக் கூடாது? மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்கள் மின்தொழிலைக் கற்றுத் தருகின்றன; எரிசக்தி ஆணையம் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. கைத்தொழில் தாழ்வென்று சொல்பவன் வீட்டிலும் மின்சாரம் போனால், தேடி வருவது உன்னைத்தான்.

இன்றே பொத்தானை அழுத்து. நாளையே விண்ணப்பத்தை நிரப்பு. அஞ்சிப் பிழைத்தது போதும், அறிந்து நிமிர்!