சினானின் வழித்தோன்றல் யார்?

முன்னோர் கட்டியதை அவ்வாறே திரும்பக் கட்டுவதுதான் முன்னோருக்குச் செய்யும் மரியாதையா? இது கட்டடக் கலைஞருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. மரபைப் போற்றும் ஒவ்வொரு சமூகமும் விடைகூற வேண்டிய அறக்கேள்வியாகும்.

துருக்கியின் தலைநகரான அங்காராவில் கொஜாதெபே என்னும் பெரும் பள்ளிவாசல் நிற்கிறது. அதற்கென 1957இல் நடந்த போட்டியில் வெதாத் தலொகாய் என்பாரின் புதுமையான வரைவே வென்றது. அடித்தள வேலை தொடங்கிய பின்னர், மரபுக்கு ஒவ்வாதது என எழுந்த எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. 1967இல் தொடங்கி 1987இல் நிறைவெய்திய இன்றைய கட்டடமோ, பதினாறாம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராயிருந்த சினானின் பாணியில், நடுக் குவிமாடமும் அரைக் குவிமாடங்களும் நான்கு மினாராக்களும் கொண்டு விளங்குகிறது.

இதனை எளிதில் இகழ்ந்துவிடலாகாது. 1932 முதல் 1950 வரை அரபு மொழியில் பாங்கு ஒலிப்பதையே அந்நாட்டு அரசு தடுத்திருந்தது. அத்தகைய தடையைக் கண்ட மக்கள், தமக்குப் பழகிய உருவிலேயே தம் வழிபாட்டிடத்தைக் காண விரும்பியதில் வியப்பில்லை. திருகோணமலையில் வாழும் நமக்கு இவ்வுணர்வு புதிதன்று. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டையைக் கடந்துதான் இன்றைய கோயிலுக்குச் செல்கிறோம். பறிக்கப்பட்டதைப் பழைய வடிவில் மீட்பது நீதியின் பாற்பட்டதே.

ஆயின், சினானின் பெரும்படைப்புகள் பறிபோகவில்லை. இஸ்தான்புலில் சுலைமானியாவும் எதிர்னேயில் செலிமியாவும் இன்றும் நிற்கின்றன. அவர் 537இல் எழுந்த அயா சோபியாவைக் கற்றார். ஆனால் அதனைப் படியெடுத்து அமைதியடைந்தாரல்லர். செலிமியாவில் எட்டுத் தூண்களின்மீது ஒரே பெருங்குவிமாடத்தை நிறுத்தி அதனை விஞ்ச முயன்றார். சுலைமானியாவின் அரைக் குவிமாடங்கள் நடுக் குவிமாடத்தின் பளுவை ஏற்பதற்காகவே எழுந்தவை. கொங்கிறீற்றினால் கட்டும் காலத்தில் அத்தேவை மறைந்துவிட்டது. உருவம் மட்டும் அணிகலனாக எஞ்சுகிறது.

அங்காராவில் ஒதுக்கப்பட்ட தலொகாய், 1969இல் இஸ்லாமாபாத்தின் பைசல் பள்ளிவாசலுக்கான போட்டியில் வென்றார். 1986இல் முடிவுற்ற அக்கட்டடத்திற்குக் குவிமாடமே இல்லை; அது கூடாரம்போல் எழுந்து நிற்கிறது. அங்கு தொழுவோரின் பக்தி அதனால் குறைந்துவிடவில்லை.

பழகிய வடிவை வேண்டும் உரிமை மக்களுக்கு உண்டு. மரபின் பெயரால் புதியவனின் கையைக் கட்டிப்போடும் உரிமையோ எவர்க்கும் இல்லை. பழந்தமிழ் கற்பிக்கும் நமக்கும் இது பொருந்தும். முன்னோர் சொன்ன விடைகளை மட்டும் ஒப்பிக்கும் மாணவனைக் காட்டிலும், அவர்களைப் போலத் தன் காலத்தின் கேள்வியை எழுப்பும் மாணவனே அவர்களின் உண்மையான வழித்தோன்றல். அவனுக்கு நம் வகுப்பறையில் இடமுண்டா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.