விசா விதியை மீறுவது பாவமா?

ஷூ கம்பெனியில் தோல் வெட்டிப் பழகிய ஆம்பூர்க்காரர் ஒருவர் சவூதிக்குப் போகிறார். அவருடைய விசாவில் தொழில் என்ற இடத்தில் ‘சாயிக் காஸ்’, அதாவது வீட்டு டிரைவர் என்று எழுதியிருக்கிறது. இகாமா என்னும் குடியிருப்பு அனுமதி அட்டையிலும் அதே தொழில்தான். கூடவே அவர் வேலை செய்யப்போகாத ஒரு கஃபீலின், அதாவது விசாவுக்குப் பிணை நிற்கும் முதலாளியின் எண். உண்மையில் அவர் வேறு ஊரில், வேறு ஒருவர் கடையில் நிற்பார். ஆண்டுதோறும் இகாமாவைப் புதுப்பிக்கக் கஃபீலுக்குத் தனியாகப் பணம் கொடுப்பார். வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் இதற்கு ‘ஃப்ரீ விசா’ என்று பெயர். சவூதிச் சட்டப்படி இது குற்றம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மார்க்கப்படி என்ன என்று கேட்டால், ஐவேளைத் தொழுகை தவறாதவர்கூட, “அது கவர்ன்மென்ட் ரூல், அல்லாஹ்வின் சட்டமா என்ன?” என்று சொல்லிவிட்டுப் போகிறார். இப்படிப் பிரித்துப் பார்க்க மார்க்கத்திலேயே இடமில்லை என்பது என் வாதம். அதே மார்க்கத்தின்படி பாவத்தின் பெரும்பங்கு அந்தத் தொழிலாளியின் கணக்கில் சேராது என்பது அதன் மறுபாதி.

உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தொடங்குகிறது. ஃபிக்ஹ் என்னும் மார்க்கச் சட்டத்தின் அறிஞர்கள் இதை அந்நிய நாட்டில் நுழைவதற்கும் பொருத்தினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதிய ‘ஹிதாயா’ இன்றும் ஹனஃபி மதரசாக்களில் பாடநூல். பகை நாட்டுக்குள் பாதுகாப்பு பெற்று வியாபாரியாக நுழைந்த முஸ்லிம், அங்குள்ளவர்களின் உயிருக்கோ பொருளுக்கோ ஊறு செய்வது நம்பிக்கைத் துரோகம் என்கிறது அது. அந்தப் பாதுகாப்புக்கு ‘அமான்’ என்று பெயர். இன்றைய விசா அதன் வாரிசு. பகைவனிடம் பெற்ற அனுமதிக்கே அவ்வளவு மரியாதை என்றால், சம்பளம் தரும் நாட்டிடம் பெற்ற அனுமதிக்கு அதைவிடக் குறைவாக இருக்க முடியாது.

பூமி முழுவதும் இறைவனுடையது, எல்லைக்கோடு மனிதன் போட்டது, அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது முதல் மறுப்பு. கோட்டை மனிதன் போட்டிருக்கலாம்; விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் நாம்தானே? இதனால் யாருக்கு நஷ்டம் என்பது இரண்டாவது மறுப்பு. இந்த ஊர்கள் இருக்கும் பாலாற்றங்கரையில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி இது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளையும் வெறும் காகிதம் என்றுதான் பலர் நினைத்தார்கள். கிணறுகள் கெட்டன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. விதி யாரைக் காக்க வந்தது என்பது அதை மீறிய பிறகுதான் தெரிகிறது. விசா விதியிலும் அப்படித்தான்: சொந்த நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் ‘நிதாகத்’ கெடுபிடியை 2013-ல் சவூதி இறுக்கியபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்ப நேர்ந்தது. வணக்கத்தின் உச்சமான ஹஜ்ஜுக்கும் இது பொருந்தும். அனுமதியின்றி ஹஜ் செய்பவர் பாவி என்று சவூதி மூத்த உலமாக்கள் சபை 2024-ல் அறிவித்தது. அந்த ஆண்டு வெயிலில் இறந்த 1,301 பேரில் 83 சதவீதத்தினர் அனுமதி இல்லாதவர்கள் என்றது அந்நாட்டு அரசு. குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவருக்குத்தான் கிடைத்தன.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. படிக்கத் தெரியாத அரபி ஒப்பந்தம், பறிக்கப்பட்ட பாஸ்போர்ட், வராத சம்பளம்: இதையா உடன்படிக்கை என்பது? இங்கே ஹுதைபியா உடன்படிக்கை நமக்கு வழிகாட்டும். பொ.ஆ. 628-ல் மக்கா குறைஷிகளோடு நபிகள் நாயகம் செய்த அந்த ஒப்பந்தம் தோழர்களுக்கே கசந்தது. குறைஷிகளிடமிருந்து சங்கிலியோடு தப்பி வந்த அபூ ஜந்தல் என்ற முஸ்லிமை ஒப்பந்தத்தை மதித்து அவர் திருப்பி அனுப்பினார். ஆகவே ஷரத்து பாதகமாக இருப்பதனால் மட்டும் வாக்கு ரத்தாகிவிடாது. ஆனால் குறைஷிகளின் கூட்டாளிகள் நபியின் நேசக் குலமான குஸாஆவைத் தாக்கியதும் அதே ஒப்பந்தம் முறிந்தது. எதிர்த்தரப்பு முறித்த உடன்படிக்கை நம்மைக் கட்டாது. சம்பளம் தராத கஃபீலிடமிருந்து ஓடியவருக்கு ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவர் என்று அரசுப் பதிவேட்டில் முத்திரை விழலாம். மார்க்கத்தின் பதிவேட்டில் ஓடவைத்தவன்தான் குற்றவாளி. வறுமை நிர்ப்பந்தமும் பாரத்தைக் குறைக்கும், நிர்ப்பந்தம் இருக்கும் அளவுக்கு. நல்ல வேலையிலிருந்து கூடுதல் வருமானத்துக்காக மட்டும் தாவுகிறவர் அதில் ஒதுங்க முடியாது.

மிச்சப் பாவம் விசாவை விற்றவருடையது. கஃபீல் என்பவர் பிணை நிற்பவர். பிணை நிற்பது உபகாரம், அதற்குக் கூலி வாங்கக் கூடாது என்பது பெரும்பாலான பண்டைய சட்ட அறிஞர்களின் முடிவு. ஜித்தாவில் 1985-ல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வங்கி உத்தரவாதக் கடிதத்துக்கும் இதையே சொன்னது: ஆகும் செலவை வாங்கலாம், பிணைக்கு விலை வாங்கக் கூடாது. ஆளே தேவைப்படாத கஃபீல் விற்கும் பிணை இதைவிட மோசம். அதில் கமிஷன் அடிக்கும் ஊர் ஏஜெண்டும் அதே தராசில்தான் நிற்கிறார். இந்தியச் சட்டமும் பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம் என்கிறது. லட்சங்களில் கைமாறும் பணம் இரண்டு சட்டங்களுக்கும் வெளியே இருக்கிறது.

தோல் வியாபாரி காகா முஹம்மது உமர் 1924-ல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் மதரசாவை நிறுவிய வட்டாரம் இது. வியாபாரமும் மார்க்கமும் இங்கே என்றும் தனித்தனி வீடுகளில் வாழ்ந்ததில்லை. ஆகவே கொடுக்கல் வாங்கல் பாடத்தில் விசாவும் ஓர் அத்தியாயமாக வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல அரபி தெரிந்த ஆலிம்களுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். விசாக் கடனில் மூழ்கியவரை ஜமாத் அந்த வரிசையில் சேர்க்கலாம். ஜும்ஆ மேடையில் வாக்குத் தவறாமையைப் பேசுகிறவர்கள், அந்தப் பேச்சை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் விசா வியாபாரியிடமிருந்து தொடங்கட்டும். அதன் பிறகு தொழிலாளியிடம் கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை வரும்.